பட்டம் படிக்கும் வேலை

'ஸ்வஸ்தி ஸ்ரீ' என்ற மங்கலச் சொல் முடிகிற இடத்தில் கல்வெட்டு படிப்பவரின் விரல் வேகம் குறையும். அதுவரை வந்தது எல்லாக் கல்லிலும் இருப்பது. அடுத்து வருவதுதான் கல்லுக்குக் கல் மாறுவது. பெரும்பாலும் அது 'கோ' என்ற ஓரெழுத்தில் தொடங்கும். பின்னாலேயே ஒரு பட்டம், பிறகு 'யாண்டு' என்ற சொல் அல்லது அதற்கான குறியீடு, அப்புறம் ஓர் எண். விளக்குக்கு எத்தனை ஆடு விட்டார்கள், நாளொன்றுக்கு எத்தனை உழக்கு நெய் என்ற சங்கதியெல்லாம் அதற்குப் பிறகு. 'இன்னாருக்கு யாண்டு இத்தனை' என்ற அரைவரி பிடிபடாவிட்டால் மீதி இருபது வரியும் காலம் தெரியாமல் அந்தரத்தில் தொங்கும்.

காரணம் எளிது. சோழர் கல்வெட்டுகளில் சக ஆண்டு அபூர்வம். அரசன் பட்டமேறிய நாளிலிருந்து எண்ணும் ஆட்சியாண்டுதான் வழக்கம். '12ஆவது' என்றால் யாருடைய 12ஆவது என்று தெரிய வேண்டும். அதைச் சொல்ல வேண்டிய இடத்திலோ அரசனின் இயற்பெயர் பெரும்பாலும் இருக்காது; பட்டம்தான் இருக்கும். அதனால் ஆட்சியாளர்களின் பட்டங்கள் வரலாறு படிப்பவருக்கு அலங்காரமாகத் தெரிந்தாலும், கல்வெட்டு படிப்பவருக்கு அவைதான் நாட்காட்டி.

சோழர் இதில் ஒரு முறை வைத்திருந்தார்கள். ஒருவர் பரகேசரி என்றால் அடுத்தவர் இராசகேசரி, அதற்கடுத்தவர் மறுபடி பரகேசரி. விசயாலயன் பரகேசரி, அவன் மகன் ஆதித்தன் இராசகேசரி, அவன் மகன் முதலாம் பராந்தகன் பரகேசரி. இப்படியே போய் முதலாம் இராசராசன் இராசகேசரி, இராசேந்திரன் பரகேசரி, கடைசி அரசன் மூன்றாம் இராசேந்திரன் வரை இந்த மாற்றுமுறை நீள்கிறது. நானூறு ஆண்டுக்கு மேல் ஒரு வம்சம் இரண்டே பட்டங்களை மாற்றி மாற்றிச் சூடியிருக்கிறது. பார்க்க வசதிதான். ஆனால் ஒழுங்கு இருக்கும் இடத்தில்தான் குழப்பமும் அதிகம். இளவரசனாகவே பட்டம் கட்டிக்கொண்டு, தந்தையோடு சேர்ந்து தன் ஆட்சியாண்டையும் எண்ணத் தொடங்கியவர்கள் உண்டு. முதலாம் இராசாதிராசனின் ஆண்டுக்கணக்கு 1018இலேயே தொடங்குகிறது. தந்தை இராசேந்திரனோ 1044 வரை ஆண்டவர். ஆக, கால் நூற்றாண்டுக் காலம் பரகேசரியின் ஆண்டும் இராசகேசரியின் ஆண்டும் ஒரே நாட்டில் பக்கம் பக்கமாக ஓடின.

10ஆம் நூற்றாண்டின் நிலை இன்னும் மோசம். பராந்தகனுக்கும் இராசராசனுக்கும் இடையே முப்பது ஆண்டுதான். அதற்குள் கண்டராதித்தன், அரிஞ்சயன், சுந்தர சோழன், ஆதித்த கரிகாலன், உத்தம சோழன் என்று ஐந்து பேர். ஆதித்த கரிகாலன் பரகேசரி. அவன் தந்தைக்கு முன்பே இறந்துபோனதால், சுந்தர சோழனுக்குப் பின் வந்த உத்தமனும் பரகேசரி. வெறும் 'கோப்பரகேசரிபன்மர்' என்று நிற்கும் ஒரு கல்லின் முன்னால் களத்தில் நடக்கும் பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்:

"தம்பி, நெய்யை அப்புறம் அளக்கலாம். கோ யாருன்னு பாரு."

"பரகேசரிங்கய்யா. ஆனா எந்தப் பரகேசரி? நாலு பேர் வர்றாங்களே."

"அதான் வேலை. கீழே யார் யார் பேர் வருதுன்னு படி."

கீழே வரும் பெயர்கள்தான் பல நேரம் கைகொடுக்கும். 'உத்தம சோழதேவரைத் திருவயிறு வாய்த்த' என்ற அடைமொழியோடு செம்பியன் மாதேவி வந்துவிட்டால் கதை தெளிந்துவிடும். அரசனைப் பெற்றதையே பட்டமாகக் கொண்ட அந்த அம்மையார் தன் கணவருக்கும் மகனுக்கும் பிறகு, இராசராசன் காலத்திலும் கோயில் கட்டிக்கொண்டிருந்தவர். எனவே அவர் பெயர் மட்டும் போதாது. பட்டத்தையும் ஆண்டையும் சேர்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

இனி உடைந்த கல்லைப் பார்க்கலாம். திருப்பணியின்போது பழைய சுவரைப் பிரித்துத் திரும்ப அடுக்கியதில் முதல் கல் எங்கோ போயிருக்கும். அல்லது படிக்கட்டாகியிருக்கும். கையில் கிடைப்பது '...கேசரிபன்மர்க்கு யாண்டு' என்று நடுவில் தொடங்கும் துண்டு. போன எழுத்துகள் 'கோவிராச'வா 'கோப்பர'வா? இடத்தை அளந்து பார்க்கலாம் என்று தோன்றும், பயனில்லை. கொம்பு, கால் எல்லாவற்றையும் தனிக் குறியாக எண்ணினால் முதலாவதற்கு ஏழு குறி, இரண்டாவதற்கு ஆறு. கல்தச்சன் கொஞ்சம் நெருக்கிப் போட்டால் இரண்டும் ஒரே அகலம். உதவுவது வேறொன்று: 'கே'யின் கொம்புக்கு முன்னால் மிஞ்சியிருக்கும் கீற்று. நேர்க்கோட்டின் அடிப்பகுதி தெரிந்தால் அது 'ர', பரகேசரி. வளைவும் மூலையும் தெரிந்தால் 'ச'; இராசகேசரி. விரல்நுனி அளவுக் கீற்றில் ஓர் அரசன் நிற்கிறான்.

அந்தக் கீற்றைக் கண்ணால் பார்த்து நம்பக் கூடாது. காலை வெயிலில் தெரியும் கோடு உச்சி வெயிலில் காணாமல் போகும். அதனால்தான் மைப்படி. கல்லை நார்த்தூரிகையால் தேய்த்துப் பாசியும் எண்ணெய்ப் பிசுக்கும் போகக் கழுவ வேண்டும். ஈரத் தாளைச் சுவரில் ஒட்டி, குழிவுக்குள் தாள் இறங்கும்வரை தூரிகையால் தட்ட வேண்டும். ரொம்ப அடித்தால் கிழியும். போதாமல் அடித்தால் எழுத்தின் ஆழம் வராது. தாள் பாதி காய்ந்திருக்கையில் மைப்பொதியை மெல்ல ஒற்ற, மேடான இடம் கறுத்து எழுத்து வெள்ளையாக எழும்பி வரும். முழுதும் காய்ந்தபின் உரித்தெடுத்து, எந்தச் சுவர், எத்தனையாவது வரி என்று பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி மடித்துவைத்தால் ஒரு படி முடிந்தது. தட்டையான சுவரில் இது சுகமான வேலை. அதிட்டானத்தின் உருண்ட குமுதத்தில் ஓடும் வரியென்றால் முதுகு ஒடியும்.

படியைத் தரையில் விரித்து உட்காரும்போதுதான் எழுத்தோடு மல்லுக்கட்டு. புள்ளி பெரும்பாலும் போடமாட்டார்கள். கொகரமும் கோகரமும் ஒரே வடிவம். 'ர'வும் காலும் அநேகமாக ஒன்று போலவே இருக்கும். 'வர்மன்' என்ற வடசொல் பன்மர், பருமர், வற்மர் என்று ஊருக்கு ஒரு வேடம் போடும். பல்லவர் கால நடுகற்களில், செங்கம் பகுதியில் நிறையக் கிடைத்தவற்றில், 'கோவிசைய' என்ற முன்னொட்டோடு மகேந்திரவர்மன் 'மயீந்திரபருமர்' ஆகிவிடுகிறான். வடமொழிப் பேரரசன் தறுகண் மறவன் ஒருவனின் கல்லில் ஏறும்போது ஊர்ப்பேச்சுக்குப் பணிந்துதான் ஏறுகிறான்.

வென்ற ஊர்களும் பட்டமாகும். பராந்தகன் ஆட்சியின் தொடக்க ஆண்டுகளிலேயே 'மதிரை கொண்ட கோப்பரகேசரி' ஆகிவிட்டான். பிற்பாடு 'மதிரையும் ஈழமும் கொண்ட' என்று அது நீள்கிறது. ஈழம் வந்துவிட்டால் கல் அவன் ஆட்சியின் பிற்பகுதி. மூன்றாம் குலோத்துங்கன் 1178இல் பட்டமேறியவன். அவன் பட்டம் ஆண்டுக்காண்டு கொடி படர்வது போலப் படர்கிறது. முதலில் மதுரை, அப்புறம் பாண்டியன் முடித்தலை, பின்னர் ஈழமும் கருவூரும், கடைசியில் வீராபிஷேகமும் விசயாபிஷேகமும், அதன்மேல் 'திரிபுவனவீரதேவர்' என்ற புதுப்பெயர். ஆண்டு எண் சிதைந்த கல்லில்கூட, பட்டியல் எதுவரை வந்திருக்கிறது என்று பார்த்து அது முற்பகுதியா பிற்பகுதியா எனச் சொல்லிவிடலாம்.

'கொண்ட' என்பதை அப்படியே நம்பிவிட முடியாது. வீரபாண்டியன் தன்னைச் 'சோழன் தலைகொண்ட' என்று பொறித்துக்கொண்டான். சில ஆண்டுகள் கழித்து ஆதித்த கரிகாலன் 'வீரபாண்டியன் தலைகொண்ட கோப்பரகேசரி' ஆனான். எந்தச் சோழனின் தலை, வெட்டினானா பணியவைத்தானா என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. பட்டம் வெற்றியைச் சொல்கிறது. எவ்வளவு வெற்றி என்று சொல்வதில்லை. ஆனால் இந்த வேலைக்கு அது பெரிய குறையும் இல்லை. பட்டத்தின் பொருளில் மயங்குகிறவர்கள்தான் வழுக்கி விழுகிறார்கள். எந்த ஆண்டில் முதலில் தலைகாட்டுகிறது, எந்த ஊருக்கு அப்பால் போகவில்லை, எதற்கு முன்னால் நிற்கிறது, எப்போது காணாமல் போகிறது என்று பார்ப்பவரிடம் பொய்ப்பட்டம்கூட உண்மை பேசும்.

இறந்தபின் வரும் பட்டங்கள் தனி ரகம். இவற்றில் பெருமிதம் கிடையாது, இடம்தான் உண்டு. முதலாம் ஆதித்தன் 'தொண்டைமானாற்றூர்த் துஞ்சின உடையார்'. அரிஞ்சயன் 'ஆற்றூர்த் துஞ்சின தேவர்'. அவனுக்கு மேல்பாடியில் இராசராசன் பள்ளிப்படை எழுப்பினான். சுந்தர சோழன் 'பொன்மாளிகைத் துஞ்சின தேவர்'. 1054இல் கொப்பத்துப் போரில் இறந்த இராசாதிராசன் 'ஆனைமேற்றுஞ்சின தேவர்'. மற்றவர் துஞ்சிய இடம் ஊராகவோ மாளிகையாகவோ இருக்க, இவன் இறந்தது யானையின் முதுகில் என்பதை ஒரே தொடரில் வைத்துவிட்டார்கள். கண்டராதித்தன் 'மேற்கெழுந்தருளின தேவர்' ஆனது எப்படி என்பதற்குத் துறவு, யாத்திரை என்று விளக்கங்கள் உண்டு. கல் மேற்கு என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. இவற்றால் காலக்கணக்குக்கு ஒரு பிடி கிடைக்கிறது: ஒருவர் 'துஞ்சின' ஆகிவிட்டால் கல் அவர் மறைவுக்குப் பிந்தியது.

அரசனுக்குக் கீழே இருந்தவர்களின் பட்டங்களில்தான் அரசாங்கம் கண்ணுக்குத் தெரிகிறது. மூவேந்தவேளான், பிரமாதிராசன், பல்லவரையன், விழுப்பரையன் என்று அதிகாரிகளுக்குப் பட்டம் தந்தார்கள். முன்னால் அரசனின் பட்டப்பெயரை ஒட்டிக்கொடுத்தார்கள். 'மதுராந்தக மூவேந்தவேளான்', 'இராசராச மூவேந்தவேளான்' என்று வரும்போது, எந்த அரசன் காலத்தில் இவர் தலையெடுத்தார் என்பது பெயரிலேயே இருக்கிறது. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கல்வெட்டு இதற்குப் பேர்போனது. அதன் தலைப்பில் இராசகேசரி, 2ஆம் ஆண்டு. அரசனின் இயற்பெயர் கிடையாது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் உறவினர் சொத்தைப் பறிமுதல் செய்த ஆணை என்பதால், இந்த இராசகேசரி இராசராசன்தான் என்று கொள்கிறார்கள். கொலைகாரர்களாகச் சொல்லப்படும் சகோதரர்கள் சோமன், பஞ்சவன் பிரமாதிராசன் ஆன இரவிதாசன், இருமுடிச்சோழ பிரமாதிராசன் ஆன பரமேசுவரன். பொன்னியின் செல்வன் படித்தவர்கள் இரவிதாசன் என்ற பெயரோடு நின்றுவிடுவார்கள். கல்வெட்டுக்காரருக்கு இருமுடிச்சோழன் என்ற முன்னொட்டு முக்கியம். சோழ அரசே பட்டம் கொடுத்து வைத்திருந்த பிராமண அதிகாரி அவர் என்பதை அது சொல்கிறது. பஞ்சவன் என்பது பாண்டியரின் பெயர். ஒரே வீட்டில் ஒரு பாண்டியப் பட்டம், ஒரு சோழப் பட்டம். அங்குள்ள அனந்தீசுவரர் கோயில் சுவரில் மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இது மற்றுமொரு கல்வெட்டு.

இத்தகைய பெயர்களைத் தனித்தனியாகப் பார்ப்பதைவிட மொத்தமாக எண்ணிப் பார்த்தால் என்ன தெரியும் என்று யோசித்தவர்கள் நொபொரு கராசிமாவும் எ. சுப்பராயலுவும். மட்சுயி என்பவருடன் சேர்ந்து சோழர் கல்வெட்டுப் பெயர்களுக்கு ஓர் அகராதியே தொகுத்தார்கள். 1978இல் மூன்று தொகுதிகளாக வந்தது. கணினி பரவலாகாத காலத்து உழைப்பு. உடையான், வேளான், அரையன் என்று யார் எந்தப் பட்டத்தோடு நிலம் வைத்திருந்தார், எந்தக் காலத்தில் எந்தப் பட்டம் பெருகியது என்ற கணக்கு அதன் பிறகுதான் சாத்தியமாயிற்று. சோழ அரசு இறுக்கமான பேரரசா, அல்லது நாடுகளின் தளர்ந்த கூட்டா என்று பர்ட்டன் ஸ்டைன் கிளப்பிய விவாதத்துக்கு ஊகத்தைவிட இந்தக் கணக்குதான் பதில் சொல்ல உதவியது.

சக்கரவர்த்தி என்ற சொல்லுக்கு வருவோம். இராசராசன் தன் கல்வெட்டுகளில் பெரும்பாலும் 'உடையார் ஸ்ரீ ராஜராஜதேவர்'தான். உடையார் என்பதே தஞ்சைக் கோயில் இறைவனுக்கும் பட்டம்; 'உடையார் ஸ்ரீராஜராஜீச்வரமுடையார்'. கோயில் என்ற சொல் அரண்மனைக்கும் ஆலயத்துக்கும் பொதுவாக இருந்தது போலத்தான். பட்டங்கள் பல சூடியவன் அதே தஞ்சைச் சுவரில் தமக்கை குந்தவையை வீட்டில் கூப்பிடுவது போல 'அக்கன்' என்று குறிப்பிடுகிறான். பட்டத்தைத் தேடியே பழகிய கண் அங்கே கொஞ்சம் தயங்கும். முதலாம் குலோத்துங்கன் முதல் 'சக்கரவர்த்திகள்', 'திரிபுவனச் சக்கரவர்த்திகள்' என்பவை நிலைபெறுகின்றன. நாடு சுருங்கச் சுருங்கப் பட்டம் பெருத்தது என்று கேலியாகச் சொல்வதுண்டு. முழுக்கச் சரியில்லை, குலோத்துங்கன் வலுவான அரசன். ஆனால் 13ஆம் நூற்றாண்டுக்கு அது நன்றாகவே பொருந்தும்.

அந்த நூற்றாண்டைப் பார்க்க வேண்டுமானால் கடலூர் அருகே திருவயிந்திரபுரத்துக்குப் போக வேண்டும். அங்குள்ள கல்வெட்டின் தலைப்பில் திரிபுவனச் சக்கரவர்த்தி மூன்றாம் இராசராசனின் ஆட்சியாண்டு, கணக்கிட்டால் 1231-32. உள்ளே போனால், அந்தச் சக்கரவர்த்தியைக் காடவத் தலைவன் கோப்பெருஞ்சிங்கன் சேந்தமங்கலத்தில் பிடித்து வைத்திருக்கிறான் என்ற செய்தி. மீட்கப் படையனுப்புகிறவர் போசள மன்னர் வீரநரசிம்மர். அவருக்கும் பட்டம் 'பிரதாபச் சக்கரவர்த்தி'. அப்பண்ணன், சமுத்திர கோப்பையன் என்ற இரு தளபதிகள் எந்தெந்த ஊரை அழித்தார்கள், எப்படிச் சோழனை விடுவித்தார்கள் என்று படைக்குறிப்புப் போலவே எழுதியிருக்கிறது. சிறைப்பட்டவனை மீட்ட கதையைச் சிறைப்பட்டவனின் ஆண்டுக்கணக்கிலேயே எழுதுகிறார்கள்! ஆட்சி கையை விட்டுப் போயிருக்கலாம். ஆண்டுக்கு இன்னும் அவன் பெயர்தான். கோப்பெருஞ்சிங்கனின் பங்கு பின்னால் வருகிறது. 1243ஐ ஒட்டி ஆட்சியாண்டு எண்ணத் தொடங்கி, 'சகலபுவனச் சக்கரவர்த்தி' ஆகிறான். மூவுலகுக்கு ஒரு சக்கரவர்த்தி, எல்லா உலகுக்கும் ஒரு சக்கரவர்த்தி; இருவரின் கற்களும் அடுத்தடுத்த ஊர்களில். சுதந்திர அரசன் யார், சிற்றரசன் யார் என்பதைத் தீர்மானிக்கக் கல்வெட்டுக்காரர் சக்கரவர்த்தி என்ற சொல்லைக் கண்டுகொள்வதில்லை. யார் பெயரில் ஆண்டு எண்ணப்படுகிறது என்றுதான் பார்ப்பார்.

பெயரை மறைக்கும் பட்டங்கள்தான் உண்மையான தொல்லை. 'கோனேரின்மைகொண்டான்' என்று ஒன்று உண்டு. தனக்கு நிகரான அரசன் இல்லாதவன் என்று பொருள். அரசாணைகளின் தலைப்பில் சோழரும் போட்டுக்கொண்டார்கள், பாண்டியரும் போட்டுக்கொண்டார்கள். ஆணை வந்த காலத்தில் ஊராருக்கு யார் அரசன் என்று தெரியும், பெயர் எதற்கு? எண்ணூறு ஆண்டு கழித்துப் படிப்பவருக்குத்தான் தலைவலி. எழுத்தமைதி, அதிகாரி பெயர், வளநாட்டின் பெயர் என்று சுற்றி வளைத்துத்தான் ஆளைப் பிடிக்க வேண்டும். வளநாட்டுப் பெயர்களும் அரச பட்டங்களே: அருமொழிதேவ வளநாடு, நித்தவினோத வளநாடு, பாண்டிகுலாசனி வளநாடு. ஈழம் 'மும்முடிச் சோழ மண்டலம்' ஆயிற்று, பொலன்னறுவை 'சனநாதமங்கலம்' ஆயிற்று.

இந்தத் தொல்லை தமிழகத்தோடு நிற்பதில்லை. 1837இல் சேம்சு பிரின்செப் பிராமி எழுத்தைப் படித்தபோது வடநாட்டுத் தூண்களில் 'தேவானாம்பிய பியதசி' என்ற அரசன் பேசினான். அப்படியொருவன் எந்த அரச வரிசையிலும் இல்லை. இலங்கை அரசன் ஒருவனாக இருக்குமோ என்றுகூடப் பிரின்செப் முதலில் நினைத்தார். தேவானாம்பிய திஸ்ஸ என்று அங்கே ஒருவன் இருந்தானல்லவா. இலங்கையின் பாலி நூல்களைக் கொண்டு அது அசோகன்தான் என்று டர்னர் காட்டினார். கல்லிலேயே 'அசோகன்' என்ற பெயர் கிடைக்க 1915 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்றைய கருநாடகத்தின் மசுக்கியில், தங்கச் சுரங்கப் பொறியாளர் பீடன் கண்ட பாறையில் அது இருந்தது. அவ்வளவு பெரிய நிலப்பரப்பை ஆண்டவன் தனக்கு வைத்துக்கொண்டது 'ராஜா' என்ற ஒற்றைச் சொல்தான். மகாராஜன் கூட இல்லை. அவனுடைய இரண்டாம் பாறைக் கட்டளை சோழ, பாண்டியரோடு 'சதியபுதோ' என்று ஒருவரைச் சொல்கிறது. அது யார் என்று நெடுநாள் வாதம். 1981இல் சம்பையில் கிடைத்த தமிழி எழுத்துக் கல்வெட்டில் அதே பட்டத்தோடு அதியமான் நெடுமான் அஞ்சி வந்து நின்றான். சங்கப் பாடல்களில் அவன் அதியமான் மட்டுமே. வடக்கே தெரிந்திருந்த பட்டத்தை உள்ளூர்க் குகையில் எழுதிவைத்ததால் விடை கிடைத்தது.

அரசனின் பட்டங்கள் இப்படிப் பெருகும்போது, அவற்றின் கீழே நடக்கும் ஆட்சிக்குப் பட்டமே இல்லை. ஒரு விகுதிதான் உண்டு. ஊரோம், சபையோம், நகரத்தோம், நாட்டோம். வேளாளர் ஊர், பிராமண சபை, வணிகர் நகரம், பல ஊர் சேர்ந்த நாடு: ஒவ்வொன்றும் 'ஓம்' என்று தன்மைப் பன்மையில் பேசுகிறது. விற்றுக்கொடுத்தோம், இறை இழிச்சினோம், செய்தோம். இதில் பேர்பெற்றவை உத்திரமேரூர்க் கல்வெட்டுகள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெங்கய்யா விரிவாக எழுதியதிலிருந்து எல்லார் வாயிலும் இருப்பவை. பராந்தகனின் 12ஆம், 14ஆம் ஆண்டுகளில் சபை வகுத்த விதிகள் அவை. பண்டிதவத்சலன், குஞ்சரமல்லன் என்று அரச பட்டங்கள் ஒரு பக்கம் முழங்க, இன்னொரு பக்கம் வேலை நடக்கிறது. முப்பது குடும்பு (ஊர்ப் பிரிவு), குடும்புக்கு ஒருவராக ஓலையிட்டுக் குடத்திலிருந்து எடுப்பது, கால் வேலிக்கு மேல் நிலம், சொந்த மனை, வயது 35க்கு மேல் 70க்குள். முன்பு வாரியம் (குழுப் பொறுப்பு) செய்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் குடத்தின் பக்கமே வரக் கூடாது. ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் எல்லாம் ஓராண்டுக்குத்தான்.

இதை மக்களாட்சி என்று மேடையில் சொல்வது சுலபம். கல்லைப் படித்தவர் சற்றுத் தயங்குவார். இது பிரமதேய ஊரின் சபை. வேதம் கற்ற, நிலமுள்ள ஆண்களின் ஆட்சி. ஊரில் உழுத மற்றவருக்குக் குடத்தில் ஓலை இல்லை. கணக்குக் காட்டாதவனை விலக்கிய விதியின் கூர்மையை வியக்கலாம். அதற்காக இன்றைய சொல்லை அதன் தலையில் கட்ட வேண்டியதில்லை. சபை என்ற சொல்லே போதும்.

மறுபடி அரசரின் பட்டங்களுக்கு வந்தால், பாண்டியரில் மாறவர்மன், சடையவர்மன் என்று இரண்டு பட்டங்கள். 13ஆம் நூற்றாண்டில் ஒரே காலத்தில் பல பாண்டியர் ஆள்கிறார்கள். ஐந்து அரசர்கள், சகோதரர்கள் என்று மார்க்கோ போலோ எழுதினார். போதாக்குறைக்கு எல்லாருக்கும் சுந்தர, வீர, குலசேகர, விக்கிரம என்ற அதே நாலைந்து பெயர். 'சோணாடு வழங்கியருளிய', 'எம்மண்டலமும் கொண்டருளிய', 'கொல்லம் கொண்டருளிய' என்ற அடைமொழி இருந்தால் ஆள் கிடைப்பான். இல்லாதபோது கல்லில் உள்ள நாள், கிழமை, நட்சத்திரம், திதியைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டியதுதான். கீல்ஹார்ன் தொடங்கிவைத்தார், சுவாமிக்கண்ணுப் பிள்ளை பஞ்சாங்க அட்டவணைகளே போட்டுக்கொடுத்தார். பிற்காலத்தில் கும்பகோணத்து என். சேதுராமன், பல்கலைக்கழகத்தில் இல்லாதவர், பேருந்துத் தொழில் குடும்பத்துக்காரர், கணக்கை மட்டும் நம்பிப் பாண்டிய வரிசையை அடுக்கி 1978இல் நூலாக்கினார். பெயர் ஒன்றாயிருந்தும் நட்சத்திரம் ஒத்துவராததால் ஓர் அரசன் இரண்டாகப் பிரிந்த சந்தர்ப்பங்கள் அதில் உண்டு.

யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளும் செகராசசேகரன், பரராசசேகரன் என்று மாற்றி மாற்றியே பட்டம் சூடினார்கள். அங்கே கல்வெட்டு மிகக் குறைவு. நாணயத்தில் 'சேது' என்ற சொல்லைத்தான் பொறித்தார்கள். செகராசசேகரம், பரராசசேகரம் என்று மருத்துவ நூல்களுக்கும் பட்டமே பெயரானதால், எந்தச் செகராசசேகரன் காலத்து நூல் என்ற வாதம் ஓய்ந்தபாடில்லை. விசயநகரத்தார் தொடக்கத்தில் தங்களை மகாமண்டலேசுவரர் என்றே எழுதினார்கள். அது சிற்றரசர் பட்டம். தனி அரசு கண்டபிறகும் முதலாம் புக்கர் அதை விடவில்லை. கூடவே 'இந்துராய சுரத்ராண' என்றும் போட்டுக்கொண்டார். சுரத்ராண என்பது சுல்தானுக்குக் கட்டிய வடமொழி வேட்டி. எதிரியின் பட்டத்தைக் கடன்வாங்கிக் கல்லில் ஏற்றுவதில் யாருக்கும் கூச்சமிருந்ததாகத் தெரியவில்லை. திருவிதாங்கூர் மார்த்தாண்ட வர்மர் 1750இல் நாட்டையே பத்மநாபசுவாமிக்கு எழுதிக்கொடுத்துவிட்டுப் 'பத்மநாபதாசன்' என்று ஆண்டார். அடிமை என்பதும் ஓர் அரச பட்டம் ஆனது.

எழுத்தமைதியையே கேட்டால் போதாதா, பட்டத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு ஏன் இவ்வளவு பாடு என்று கேட்கலாம். எழுத்தும் ஏமாற்றும். திருக்கோடிக்காவலில் செம்பியன் மாதேவி பழைய கோயிலைப் பிரித்துக் கற்றளியாக்கியபோது பழைய கல்வெட்டுகளைப் படியெடுத்து மறுபடி வெட்டவைத்தார். 'இதுவும் ஒரு பழங்கல்படி' என்று குறிப்பும் போட்டார்கள். திருமழபாடியில் இராசராசன் ஆணையால் விமானத்தைப் பிரித்தபோது கல்வெட்டுகளைப் புத்தகத்தில் எழுதிவைத்து, இராசேந்திரனின் 14ஆம் ஆண்டில் புதுச்சுவரில் ஏற்றினார்கள். இங்கெல்லாம் எழுத்து வெட்டியவன் காலத்தது. பட்டம் மட்டுமே பழைய அரசனுடையது. பழங்கல்படி என்ற குறிப்பு உடைந்துபோன கல்லில் பாண்டிய அரசனின் பட்டம் சோழ எழுத்தில் நிற்கும். புதிதாக வருபவர் அதைச் சோழரின் பாண்டிய அதிகாரி என்று பதிந்துவிடுவதும் நடக்கும்.

படித்து முடித்ததெல்லாம் கடைசியில் கல்வெட்டுத் துறை ஆண்டறிக்கையின் அட்டவணைக்குள் போகிறது. இந்த அறிக்கைகள் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து வருகின்றன; கல்வெட்டறிஞர் ஊல்ச் தொடங்கிவைத்த பழக்கம். ஊர், வம்சம், அரசன், ஆண்டு, மொழி, குறிப்பு என்று பத்திகள். '...கேசரிபன்மர்க்கு யாண்டு' என்று கிடைத்த துண்டுக்கு வம்சப் பத்தியில் 'சோழர்' என்று எழுதலாம். அரசன் பத்தியில் கீற்று 'ர' என்று உறுதிப்பட்டால் 'பரகேசரி' என்று மட்டும் எழுதி, எந்தப் பரகேசரி என்பதைக் குறிப்புப் பத்திக்குத் தள்ளுவார்கள்: எழுத்து 10ஆம் நூற்றாண்டு, வடபுற அதிட்டானம், தொடக்கம் இல்லை, முக்கால் விளக்குக்கு 72 ஆடு.